மீதி வேலையைப் பாருங்கள்: எந்த வீட்டு வசதிக்குப் பணம் கொடுக்கலாம்?

ஒரு கருவியை விற்பவர்கள் அது செய்துதரும் வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள். அது நம் தலையில் விட்டுவைக்கும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். காய் நறுக்கும் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு கிண்ணம் நிறைய நறுக்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கிண்ணம், மூடி, பிளேடு, காயைத் தள்ளும் கட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் துணுக்குகள் போய் உட்கார்ந்திருக்கும். அதை ஒரு குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். கையை அறுத்துக்கொள்ளாமல் பிளேடைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் காயவைத்து, மறுபடி பூட்டி, அலமாரியில் இடம் பார்த்து வைக்க வேண்டும். கத்தியையும் பலகையையும் அலசி வைக்க அரை நிமிடம் போதும். தினமும் பத்துப் பேருக்குச் சமைக்கிற வீட்டில் அந்த மெஷின் பெரிய உதவி. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் கொஞ்ச நாளிலேயே பெட்டிக்குள் போய்விடும்.

வேலை அடியோடு ஒழிவது அபூர்வம். பெரும்பாலும் அது வேறொரு வேலையாக உருமாறி நம்மிடமே திரும்பி வரும். பழைய வேலையில் எவ்வளவு போகிறது, புதிதாக எவ்வளவு வந்து சேர்கிறது, கடைசியில் நமக்கு எவ்வளவு மீதி என்று பார்த்த பிறகுதான் விலைச்சீட்டைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே வீண் செலவில் பெரும்பகுதி நின்றுவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வசதி என்று இங்கே சொல்வதில் கருவிகள் மட்டும் வரவில்லை. துணி வெளுத்துத் தரும் சேவை, வீடு துடைக்க வருபவர், வாசலுக்கே பொருள் கொண்டுவரும் டெலிவரி, மாதாமாதம் கழியும் சந்தா எல்லாம் இதில் அடக்கம். இவை எல்லாவற்றிலும் நாம் காசு கொடுத்து வாங்குவது நேரம், அல்லது உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு, அல்லது மனதில் இருந்து ஒரு சுமை இறங்குவது. சில வசதிகள் மூன்றையும் தரும். சில, நேரத்தைக் கொடுத்துவிட்டு மனச்சுமையை ஏற்றிவிடும்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வீட்டை ஒரு சிறு தொழிற்சாலையைப் போல வைத்துப் பார்த்தார். கடையில் வாங்கிய பொருளோடு வீட்டில் இருப்பவர்களின் நேரமும் சேர்ந்தால்தான் அது சாப்பாடாகவோ சுத்தமான துணியாகவோ மாறுகிறது. அதனால் வீட்டில் எதற்குமே உண்மையான விலை என்பது பணமும் நேரமும் சேர்ந்ததுதான் என்பது அவர் வாதம். 1992-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர். வீட்டுச் செலவைப் பற்றி யோசிக்க அந்தப் பார்வை இன்றைக்கும் உதவுகிறது.

விலையை மணி நேரமாக மாற்றுங்கள்

பணத்தையும் நேரத்தையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி இருக்கிறது. மாதம் கைக்கு வரும் வருமானத்தை, அதைச் சம்பாதிக்க நீங்கள் செலவழிக்கும் மொத்த மணி நேரத்தால் வகுத்துவிடுங்கள். வேலை நேரத்தோடு போய்வரும் பயண நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது எந்தப் பொருளின் விலையையும் "இதற்காக நான் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்" என்று சொல்லிவிடலாம்.

ஒரு கருவியின் விலை உங்கள் 120 மணி நேர உழைப்புக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், ரிப்பேர், சோப்புத்தூள் என்று ஆண்டுக்கு இன்னொரு 15 மணி நேரம். எட்டு ஆண்டு உழைக்கும் என்றால் மொத்தச் செலவு 240 மணி நேரம். அது தினமும் 20 நிமிடம் மிச்சம் பிடித்துத் தந்தால், ஆண்டுக்குச் சுமார் 120 மணி நேரம் திரும்பி வரும். இரண்டே ஆண்டில் மொத்தச் செலவும் ஈடாகிவிடும்; மீதி ஆறு ஆண்டும் லாபம்.

அதே கணக்கை ஒரு சின்னக் கருவிக்குப் போட்டுப் பாருங்கள். விலை 15 மணி நேர உழைப்பு. மாதம் ஒரு முறைதான் பயன்படும். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் மிச்சம். ஆனால் கழுவி எடுத்துவைக்க 10 நிமிடம். ஆகக் கிடைப்பது 5 நிமிடம், ஆண்டுக்கு ஒரு மணி நேரம். போட்ட பணம் ஈடாகப் பதினைந்து ஆண்டு வேண்டும், அதுவரை அந்தக் கருவி உயிரோடு இருந்தால். விலை குறைவு என்பதாலேயே யோசிக்காமல் வாங்கிவிடும் பொருள்கள்தான் வீட்டில் அதிகம் முடங்கிக் கிடக்கின்றன.

இந்தக் கணக்கில் விலையைவிடப் பெரிய எண் எது என்று கவனித்தீர்களா? எத்தனை முறை பயன்படுகிறது என்பதுதான். தினம் ஐந்து நிமிடம் ஆண்டு முடிவில் 30 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்காக ஒரு கருவியைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு எடுக்கலாம், அல்லது அன்றைக்கு மட்டும் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. "என் ஒரு மணி நேரத்தின் மதிப்பு இவ்வளவு, அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் எந்த வேலையையும் நான் செய்யக் கூடாது" என்பார்கள். பாத்திரம் கழுவாமல் மிச்சமான அந்த அரை மணி நேரத்தை யாராவது உங்களிடம் காசு கொடுத்து வாங்கப் போகிறார்களா? பெரும்பாலானோருக்கு இல்லை. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு இரவு எட்டு மணிக்கு மிச்சமாகும் நேரத்தால் வருமானம் ஏறப்போவதில்லை. ஆகவே அந்த நேரம் எங்கே போகும் என்று கேட்பதுதான் சரி. பிள்ளையோடு உட்காரவா, தூங்கவா, வெகுநாளாகத் தள்ளிப்போட்ட படிப்புக்கா? இடம் தெரிந்தால் பணம் கொடுங்கள். அது கைப்பேசித் திரையில் கரைந்து போகும் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

உடம்பின் கணக்கு தனி. முழங்கால் வலி உள்ளவர் குனிந்து தரை துடைக்கும் ஒரு மணி நேரமும், வலி இல்லாதவர் துடைக்கும் ஒரு மணி நேரமும் கடிகாரத்துக்கு ஒன்றுதான், உடம்புக்கு ஒன்றல்ல. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீடு, முதியவர் தனியாக வாழும் வீடு ஆகியவற்றில் மணி நேரக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, வசதிக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். அங்கே பணம் வாங்கித் தருவது ஆரோக்கியத்தை.

கருவி விட்டுவைக்கும் வேலை

மீதி வேலையை எப்படி அளப்பது? ஒரு தாளில் கருவி வருவதற்கு முந்தைய படிகளை ஒரு பக்கமும், வந்த பிறகு இருக்கும் படிகளை மறு பக்கமும் எழுதுங்கள். தானாகத் தரை பெருக்கும் ரோபோவுக்கு எழுதினால் இரண்டாவது பக்கம் இப்படி இருக்கும்: தரையில் கிடக்கும் ஒயர், காலுறை, பொம்மைகளைப் பொறுக்க வேண்டும்; நாற்காலிகளைத் தூக்கி வைக்க வேண்டும்; தூசிப் பெட்டியைக் கொட்ட வேண்டும்; உருளையில் சுற்றிக்கொண்ட தலைமுடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும்; ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து அவ்வப்போது மாற்ற வேண்டும்; மூலைகளை எப்படியும் கையால் பெருக்க வேண்டும். பட்டியல் நீளமாகத் தெரிகிறது. ஆனால் தரையில் பொருள் அதிகம் சிதறாத, வாசற்படித் தடைகள் இல்லாத வீட்டில், வளர்ப்பு நாயின் முடி தினமும் உதிரும் என்றால், இவ்வளவுக்குப் பிறகும் அது கொடுத்த பணத்துக்கு உழைக்கும். சாமான் நெருக்கமாக உள்ள சின்ன வீட்டில் துடைப்பமே வேகமானது. ஒரே கருவி, இரண்டு வீடு, இரண்டு விடை. அதனால்தான் "எல்லோரும் வாங்க வேண்டிய பத்துப் பொருள்கள்" போன்ற பட்டியல்களை நான் நம்புவதில்லை.

பாத்திரம் கழுவும் மெஷினின் கதை இதற்கு நேர்மாறானது. பலர் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீதி வேலை என்ன என்று பாருங்கள்: எச்சிலை வழித்துவிட்டு அடுக்குவது, முடிந்ததும் எடுத்து வைப்பது. இரண்டும் சில நிமிட வேலை, நின்றபடியே செய்யலாம். ஓடும் நேரத்தில் நாம் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. தண்ணீர் வீணாகும் என்ற பயமும் பெரும்பாலும் தேவையற்றது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில், பல ஐரோப்பிய நாட்டவர்களைப் பன்னிரண்டு பேருக்கான பாத்திரங்களைக் கையால் கழுவச் சொல்லி ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். சராசரியாக 100 லிட்டரை ஒட்டிச் செலவானது. இன்றைய நல்ல மெஷின் நிறைய அடுக்கி ஓட்டினால் ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து லிட்டரில் முடித்துவிடும். குழாயைத் திறந்துவிடாமல், தொட்டியில் நீர் பிடித்துக் கழுவுபவர்களுக்கு இந்த வித்தியாசம் சுருங்கும். பாத்திரங்கள் பெரும்பாலும் மெஷினுக்குள் அடங்காத அளவு பெரிதாகவோ, சூட்டையும் காரச் சோப்பையும் தாங்காத உலோகமாகவோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கண்ணில் படாத இன்னொரு மீதி வேலையும் இருக்கிறது. அது நம் எதிர்பார்ப்பு உயர்வதால் வருவது. அமெரிக்காவில் முழுநேரமும் வீட்டு வேலை செய்த பெண்கள் எவ்வளவு நேரம் அதில் செலவழித்தார்கள் என்பதை ஜோன் வானெக் 1974-இல் ஒரு கட்டுரையில் தொகுத்துக் காட்டினார். 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம். 1960களில், வாஷிங் மெஷினும் வேக்குவம் கிளீனரும் வீடுகளுக்கு வந்த பிறகு, சுமார் 55 மணி நேரம். வேலை குறையவே இல்லை. வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதன் காரணங்களை விரிவாக ஆராய்ந்தார். முன்பு வெளியே போய்க்கொண்டிருந்த சலவை, மெஷின் வந்ததும் வீட்டுக்குள் திரும்பியது. உதவிக்கு இருந்த ஆட்கள் போய், எல்லாமே ஒருத்தியின் பொறுப்பானது. துணி அடிக்கடி மாற்றப்பட்டது, சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது. மெஷின் உழைப்பின் கடுமையைக் குறைத்தது என்பதில் சந்தேகமே இல்லை. கையால் அடித்துத் துவைத்துப் பிழிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். ஆனால் நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால், கருவி வந்த பிறகும் பழைய அளவுகோலிலேயே நிற்க வேண்டும். ஒரு முறை உடுத்திய சட்டையை மெஷினில் போடுவதற்கு முன் அது நிஜமாகவே அழுக்கா என்று பார்ப்பது அதில் ஒன்று.

யாருடைய வேலை?

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். பல வீடுகளில் வேலையைச் செய்பவர் ஒருவர், வசதிக்குப் பணம் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பவர் இன்னொருவர். செய்யாதவருக்கு அந்த வேலை சின்னதாகத்தான் தெரியும். "இதற்கெல்லாம் எதற்குச் செலவு" என்ற வாக்கியம் பெரும்பாலும் அந்த வேலையைத் தொடாதவரின் வாயிலிருந்துதான் வரும். ஒரு வசதியைப் பற்றிப் பேச உட்காரும் முன், முடிவில் பங்குள்ள எல்லோரும் அந்த வேலையை ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டாலே போதும், எதையும் வாங்க வேண்டாம் என்ற முடிவுக்கும் சில வீடுகள் வந்து சேரலாம்.

கையால் செய்யும் வேலைக்கு மேலே மூளையால் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அதை நான்காகப் பிரித்தார்: தேவை வரும் முன்பே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முதலாவதும் கடைசியும் குறிப்பாகப் பெண்கள் மேலேயே விழுந்திருந்தன. சேவைகளை வாங்கும்போது இதை மறக்கக் கூடாது. வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால் நேரம் சொல்வது, வேலையை விளக்குவது, வராத நாளில் மாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் யாரோ ஒருவருக்குப் புதிய வேலை. டெலிவரியிலும் அப்படித்தான்: தவறாக வந்த பொருளைத் திருப்பி அனுப்புவது, பணம் திரும்பியதா என்று பார்ப்பது யார்? ஒரே பொருளை, ஒரே நாளில், ஒவ்வொரு வாரமும் தானாக அனுப்பும் ஏற்பாடு மனச்சுமையைக் குறைக்கும். தினம் ஒரு புதிய செயலியில் தேடித் தேடி ஆர்டர் போடுவது அதைக் கூட்டும்.

ஒருவரின் உழைப்பை வாங்குகிறோம் என்றால் இன்னொரு கடமையும் சேர்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைத் தொழிலாளர்களின் உரிமைகளுக்காக 2011-இல் 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஓய்வு நாள், வேலை நிபந்தனைகளைத் தெளிவாகச் சொல்வது, மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள அடிப்படைப் பாதுகாப்பு ஆகியவை அதில் உண்டு. நியாயமான கூலி, விடுப்பு நாளுக்கும் சம்பளம் என்று எல்லாம் சேர்த்துக் கணக்கு போட்ட பிறகும் அந்தச் சேவை உங்களுக்குக் கட்டுப்படியானால் அது உங்களுக்கானது. கூலியைக் குறைத்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் அதை வாங்க வேண்டாம்.

பிடிக்காத வேலையிலிருந்து தொடங்குங்கள்

எல்லா வீட்டு வேலையும் சுமை கிடையாது. துணி மடிப்பது சிலருக்கு மனதை ஆற்றும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை ஆள் வைத்துச் செய்யப் பலர் விரும்ப மாட்டார்கள். எந்த வேலையை நினைத்தாலே எரிச்சல் வருகிறதோ, எதைப் பற்றி வீட்டில் அடிக்கடி சண்டை வருகிறதோ, அதற்குத்தான் முதல் காசு போக வேண்டும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் கேட்டார்கள். பிடிக்காத வேலைகளைப் பணம் கொடுத்துத் தள்ளிவிட்டவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். பிறகு கனடாவின் வான்கூவரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் வீதம் கொடுத்து, ஒரு முறை பொருள் வாங்கவும் இன்னொரு முறை நேரத்தை மிச்சம் பிடிக்கும் எதற்காவது செலவழிக்கவும் சொன்னார்கள். நேரத்துக்குச் செலவழித்த நாளில் மனநிலை நன்றாக இருந்தது. எதிர்பாராமல் 40 டாலர் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு சிலரைக் கேட்டபோது, நேரத்தை வாங்குவேன் என்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். இது நமக்கு இயல்பாக வரும் முடிவு அல்ல. உட்கார்ந்து யோசித்தால்தான் வரும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: இதைவிடச் சின்ன மாற்றம் போதாதா? கத்தி மழுங்கியிருப்பதால்தான் நறுக்குவது வெறுப்பாக இருக்கிறது என்றால், சாணை பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். துணி குவிவதால் எரிச்சல் என்றால், வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று என்று இரண்டு கூடை வைத்தால் பிரிக்கும் வேலையே இருக்காது. மின்விசிறியைத் துடைக்க எட்டவில்லை என்றால் நீளக் கம்பி வைத்த துடைப்பான் போதும். பெரிய கருவி செய்யும் என்று நாம் நினைப்பதைப் பல வேளைகளில் இப்படியொரு சின்னப் பொருள் செய்துவிடும். அதைக் கழுவி மாட்டிவைக்கவும் நேரமாகாது.

அதுவும் போதவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். தெரிந்தவர் வீட்டில் அந்தக் கருவியை ஒரு முறை நீங்களே பயன்படுத்தி, நீங்களே கழுவி வையுங்கள். சேவை என்றால் ஒரு மாதம் மட்டும் எடுத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே உதிரி பாகம் கிடைக்குமா, ரிப்பேருக்கு ஆள் வருமா, ஃபில்டர், கேட்ரிட்ஜ் போன்றவற்றை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விசாரியுங்கள். கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கேட்ரிட்ஜில் காலமெல்லாம் காசு வாங்கும் முறை பல பொருள்களில் இருக்கிறது.

சந்தாவில் இன்னும் உஷார் வேண்டும். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் இருவரும் அமெரிக்காவில் உடற்பயிற்சிக்கூடங்களை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். கட்டிய சந்தாவைப் போன நாள்களால் வகுத்துப் பார்த்தால், மாதச் சந்தா கட்டியவர்கள் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். நாம் எவ்வளவு பயன்படுத்துவோம் என்று நினைக்கிறோமோ அதை வைத்துச் சந்தா கட்டுகிறோம். உண்மையான பயன்பாடு அதைவிடக் குறைவு. எந்த வீட்டுச் சேவையையும் முதலில் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்து எடுங்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எண்ணி, சந்தா மலிவு என்று தெரிந்தால் மாறுங்கள்.

ஏற்கெனவே வாங்கி முடங்கிக் கிடப்பவற்றை என்ன செய்வது? "அவ்வளவு கொடுத்து வாங்கினோமே" என்பதற்காக அவற்றை வலிந்து பயன்படுத்த வேண்டாம். போன பணம் வைத்திருந்தாலும் திரும்பாது, விற்றாலும் முழுதாகத் திரும்பாது. இனி அந்தப் பொருள் பிடிக்கும் இடமும், அதைத் துடைத்துப் பராமரிக்கும் வேலையும்தான் இன்றைய கணக்கு. கடந்த ஆறு மாதத்தில் கையே படாத கருவி என்றால், நல்ல நிலையில் இருக்கும்போதே, வாரண்டிச் சீட்டும் எல்லாப் பாகங்களும் பெட்டியில் இருக்கும்போதே, அது தேவைப்படும் வீட்டுக்கு விற்றுவிடுங்கள் அல்லது கொடுத்துவிடுங்கள். ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் விலையும் இறங்கும், ரப்பர் வளையங்களும் இறுகிப்போகும்.